பொருளாளர் நாற்காலி யாருக்கு?

அக்டோபர் மாதம் வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். "பட்ஜெட்டுல நம்ம ஆளுங்களுக்கு எவ்வளவு?" வெள்ளிக்கிழமை மாலை நிதியமைச்சர் மக்களவையில் எழுந்து உரையை வாசிக்கத் தொடங்குவார். அவர் முடிப்பதற்குள் வாட்ஸ்அப் குழுக்களில் எண்கள் பறக்கும். மித்ராவுக்கு இவ்வளவு, தெக்குனுக்கு இவ்வளவு, தமிழ்ப்பள்ளிக்கு இவ்வளவு. சனிக்கிழமை தலைவர்களின் நன்றி அறிக்கைகள் வரும். ஞாயிற்றுக்கிழமை எதிர்க்கட்சியின் கண்டனம் வரும். திங்கட்கிழமை அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

எவ்வளவு என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் பல்கலைக்கழகத்தில் பொதுநிதிப் பாடம் படிக்கத் தொடங்கியதிலிருந்து எனக்கு வேறொரு கேள்விதான் பெரியதாகத் தெரிகிறது. அந்தப் பணப்பெட்டிக்குக் காவல் யார்? செலவு செய்ய ஆசைப்படும் அமைச்சர்களிடம் 'முடியாது' என்று சொல்வதற்காகவே சம்பளம் வாங்குகிறவர் யார்?

முதலில் பெட்டியின் அளவைப் பார்ப்போம். 2025-ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் 42,100 கோடி வெள்ளி. அதில் 33,500 கோடி நிர்வாகச் செலவுக்கு. அரசு ஊழியர் சம்பளம், ஓய்வூதியம், மானியம், கடனுக்கு வட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். மீதி 8,600 கோடிதான் சாலை, பள்ளி, மருத்துவமனை போன்ற மேம்பாட்டுப் பணிகளுக்கு. கடனுக்கான வட்டி மட்டும் 5,400 கோடிக்கு மேல். நாம் ஒவ்வோர் ஆண்டும் வாதாடும் மித்ராவின் 10 கோடியை இதனோடு வைத்துப் பாருங்கள். நாடு செலவழிக்கும் ஒவ்வொரு 100 வெள்ளியிலும் அது இரண்டரைக் காசுகூட இல்லை. வட்டிக்குப் போவதோ ஏறக்குறைய 13 வெள்ளி. இரண்டரைக் காசுக்கு நாம் போடும் சண்டையில் நூறில் ஒரு பங்கை அந்த 13 வெள்ளிக்குப் போட்டிருக்கிறோமா? தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களும் மற்றப் பள்ளியில் படித்தவர்களும் சேர்ந்துதான் அந்தக் கடனைக் கட்டப் போகிறோம். என் வயதுக்காரர்கள் வேலைக்குப் போகும்போது அது எங்கள் தலையில்தான் விழும்.

நிதியமைச்சர் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது அந்த ஒரு நாள் உரைதான். உண்மையில் அவருடைய வேலை உரைக்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஒவ்வோர் அமைச்சும் ஒரு பட்டியலோடு வரும். எல்லாப் பட்டியலையும் கூட்டினால் கையில் இருப்பதைவிட அதிகமாக இருக்கும், எந்த நாட்டிலும் அப்படித்தான். அதில் எதை வெட்டுவது, எதைத் தள்ளிப்போடுவது, எதற்குத் தலையாட்டுவது என்ற பேரம் நமக்குத் தெரியாமல் மூடிய அறைகளுக்குள் நடக்கிறது. உரை முடிந்த பிறகும் வேலை ஓயாது. கூட்டரசு அரசியலமைப்பின் 104-ஆவது பிரிவுப்படி, நாடாளுமன்றத்தின் அனுமதியோ சட்டத்தின் அனுமதியோ இல்லாமல் கூட்டரசு நிதியிலிருந்து பணம் எடுக்க முடியாது. அனுமதி கிடைத்த பணத்தையும் ஓர் ஒழுங்கோடுதான் விடுவிக்க வேண்டும். அந்த ஒழுங்கை 1957-ஆம் ஆண்டின் நிதி நடைமுறைச் சட்டமும் கருவூலத்தின் உத்தரவுகளும் வகுக்கின்றன. இத்தனைக்கும் மேலே உட்கார்ந்திருப்பவர் நிதியமைச்சர்.

இன்னொரு விஷயமும் உண்டு. பாடத்தில் இதைப் படித்தபோது எங்கள் வகுப்பில் பாதிப் பேர் நம்பவில்லை. மலேசியாவில் நிதியமைச்சர் என்ற பதவியே சட்டப்படி ஒரு நிறுவனம். 1957-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அந்த நிறுவனம் அரசாங்கத்தின் பெயரில் பங்குகளை வைத்திருக்கலாம், சொத்து வாங்கலாம், விற்கலாம். அதாவது நம் நிதியமைச்சர் கணக்குப்பிள்ளை மட்டுமல்லர், பல நிறுவனங்களின் முதலாளியும் அவர்தான். 1எம்டிபி அப்படிப்பட்ட நிறுவனங்களில் ஒன்று.

பிரிட்டனில் இந்த வேலையை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வரியையும் பொருளாதாரத்தையும் பார்த்துக்கொள்ள ஒரு நிதியமைச்சர். அவருக்குக் கீழே, செலவைக் கட்டுப்படுத்துவதற்கென்றே இன்னோர் அமைச்சர். கருவூலத் தலைமைச் செயலர் என்று அவருக்குப் பெயர். பெயரைக் கேட்டால் அதிகாரி என்று தோன்றும், ஆனால் அவர் தேர்தலில் வென்று வந்த அரசியல்வாதிதான். 1961-இல் அந்தப் பதவியை உருவாக்கினார்கள். கல்வியமைச்சர், தற்காப்பு அமைச்சர், சுகாதார அமைச்சர் என்று ஒவ்வொருவரோடும் எதிரெதிரே உட்கார்ந்து 'இதற்கு ஏன் இவ்வளவு?' என்று கேட்பதுதான் அவருடைய தொழில். மார்கரெட் தாட்சர் காலத்தில் பேரம் முடியாத அமைச்சர்களை மூத்த அமைச்சர்கள் குழு ஒன்றின் முன் நிறுத்தினார்கள். 2010-இல் பதவி விட்டுப் போன ஒருவர், அடுத்து வருகிறவருக்குப் 'பணம் ஏதும் மிச்சமில்லை' என்ற பொருளில் ஒரு துண்டுக் கடிதம் எழுதி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். விளையாட்டாக எழுதியதுதான், ஆனால் எதிர்க்கட்சியினர் அதைப் பல ஆண்டுகள் மேடை மேடையாகக் காட்டி அவருடைய கட்சியைக் கிண்டல் செய்தார்கள். அந்த நாட்டின் கணக்கு மட்டும் எப்போதும் ஒழுங்காக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. 'வேண்டாம்' என்று சொல்வதற்கு அங்கே தனியாக ஒரு நாற்காலி இருக்கிறது, அதில் உட்கார்ந்திருப்பவர் பிரதமர் அல்லர். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நம் நாட்டிலும் முன்பு அப்படித்தான் இருந்தது. சுதந்திர மலாயாவின் முதல் நிதியமைச்சர் எச்.எஸ். லீ. அவருக்குப் பின் டான் சியூ சின் 1959 முதல் 1974 வரை, துங்கு, துன் ரசாக் என்று இரண்டு பிரதமர்களின் கீழ், பதினைந்து ஆண்டுகள் அந்தப் பெட்டியைக் காத்தார். பிறகு துங்கு ரசாலி, டாயிம், அன்வார் என்று தொடர்ந்தது. 1976-இல் ஹுசேன் ஓன் பிரதமரான தொடக்கத்தில் வந்த ஒரு குறுகிய காலத்தைத் தவிர, முதல் நாற்பது ஆண்டுகள் பிரதமர் ஒருவர், நிதியமைச்சர் வேறொருவர். 1998-இல் டாக்டர் மகாதீர் சில மாதங்கள் நிதியைத் தாமே வைத்துக்கொண்டார். 2001-இல் மீண்டும் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. அப்துல்லா படாவி, நஜீப், இப்போது அன்வார். 2001-க்குப் பிந்திய இத்தனை ஆண்டுகளில் இரண்டு நாற்காலிகளிலும் வெவ்வேறு ஆட்கள் உட்கார்ந்திருந்தது ஏறக்குறைய ஐந்தே ஆண்டுகள்தான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1997-இல் ஆசிய நிதி நெருக்கடி வந்தபோது நிதியமைச்சராக இருந்தவர் அன்வார். அந்த ஆண்டு டிசம்பரில் அரசாங்கச் செலவை 18 விழுக்காடு குறைப்பதாகவும் பெரிய திட்டங்களை ஒத்திவைப்பதாகவும் அறிவித்தார். பிரதமர் மகாதீருக்கோ அந்த வழி பிடிக்கவில்லை. 1998 செப்டம்பர் 1-ஆம் தேதி மூலதனக் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டது. மறுநாளே அன்வார் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பொருளாதாரத்தில் யார் சொன்னது சரி என்று இன்றும் பொருளியலாளர்கள் வாதாடுகிறார்கள். மகாதீரின் கட்டுப்பாடு பலர் பயந்ததுபோல் நாட்டைக் கவிழ்த்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நான் கவனிப்பது வேறொன்றை. அன்று அமைச்சரவைக்குள் ஒரு வாதம் நடந்தது. இரண்டு பேர், இரண்டு கருத்து. இன்று அந்த இரண்டு பேரும் ஒரே ஆள். அன்று 'வேண்டாம்' சொன்னதற்கு விலை கொடுத்தவரே இன்று இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த வாதம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு எஸ்ஆர்சி இண்டர்நேஷனல் வழக்கைவிடத் தெளிவான பாடம் கிடையாது. 1எம்டிபி என்றாலே கப்பல், வைரம், கைப்பை என்றுதான் பேசுகிறோம். எனக்கு அவற்றைவிட அச்சம் தருவது ஒரு சாதாரணக் காகிதம், அரசாங்க உத்தரவாதக் கடிதம்.

2011-இலும் 2012-இலும் எஸ்ஆர்சி நிறுவனம் கேவாப் எனப்படும் அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியிடமிருந்து மொத்தம் 400 கோடி வெள்ளி கடன் வாங்கியது. ஆசிரியர்கள், தாதியர்கள், அலுவலக உதவியாளர்கள் ஓய்வு பெற்ற பின் அவர்களுக்கு ஓய்வூதியம் தருவதற்காகச் சேர்த்து வைத்த பணம் அது. புதிய நிறுவனத்துக்கு அவ்வளவு பெரிய கடன் எப்படிக் கிடைத்தது? 'அவர்கள் கட்டாவிட்டால் நாங்கள் கட்டுகிறோம்' என்று அரசாங்கம் கையெழுத்துப் போட்டது. இத்தகைய உத்தரவாதம் பட்ஜெட் உரையில் செலவாக வராது, ஏனென்றால் அன்றைய தேதியில் ஒரு காசும் வெளியே போகவில்லை. நிறுவனம் கடனைக் கட்டத் தவறும்போதுதான் அது செலவாக மாறும். எஸ்ஆர்சி விஷயத்தில் அதுவும் நடந்தது, கடைசியில் அரசாங்கம்தான் கட்ட வேண்டி வந்தது.

அந்த உத்தரவாதத்துக்கு ஒப்புதல் கொடுத்த அமைச்சரவைக்குத் தலைவர் நஜீப். நிதியமைச்சர் நஜீப். எஸ்ஆர்சியின் மூத்த ஆலோசகரும் நஜீப். கடன் கேட்கும் பக்கம், பிணை நிற்கும் பக்கம், தீர்ப்புச் சொல்லும் பக்கம் என்று மூன்று பக்கமும் ஒரே முகம். 2020 ஜூலை 28-ஆம் தேதி உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் பதவி துஷ்பிரயோகக் குற்றச்சாட்டு இதைப் பற்றியதுதான். 4 கோடியே 20 லட்சம் வெள்ளி அவர் கணக்குக்குப் போனது மற்றக் குற்றச்சாட்டுகளில் வந்தது. 2022 ஆகஸ்டு 23-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் தண்டனையை உறுதிப்படுத்தி அவர் சிறைக்குப் போனார். 12 ஆண்டுத் தண்டனையை மன்னிப்பு வாரியம் 2024-இல் பாதியாகக் குறைத்தது.

கெட்டவர் கையில் அதிகாரம் போனால் எந்த அமைப்பும் தாங்காது என்று சிலர் சொல்வார்கள். ஆனால் நாற்காலிகளைத் தனித்தனியாக வைப்பதே ஆள் எப்படிப்பட்டவர் என்று நமக்கு முன்கூட்டியே தெரியாது என்பதால்தானே? நம் ஊர்க் கோயில் நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவர் ஒருவர், செயலாளர் ஒருவர், பொருளாளர் ஒருவர், கணக்காய்வாளர் இருவர். காசோலையில் இரண்டு பேர் கையெழுத்து. தலைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சொந்தக் காசில் கோபுரம் கட்டிக் கொடுத்தவராக இருந்தாலும், 'பொருளாளர் வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன்' என்றால் ஆண்டுக் கூட்டத்தில் நாற்காலி பறக்கும். எங்கள் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையிலும் அதே விதிதான். முந்நூறு வெள்ளி உணவுச் செலவுக்குப் பொருளாளரிடம் நம் தலைவர் படும் பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும். முந்நூறு வெள்ளிக்கு நாம் வைத்திருக்கும் பாதுகாப்பை 42,100 கோடிக்கு வைத்துக்கொள்ளவில்லை.

2018-இல் இதற்கு ஒரு விடிவு வந்ததுபோல் இருந்தது. பிரதமர் வேறு எந்த அமைச்சையும், குறிப்பாக நிதியமைச்சை, வைத்துக்கொள்ள மாட்டார் என்று பக்காத்தான் ஹராப்பான் தேர்தல் வாக்குறுதியிலேயே எழுதியிருந்தது. வென்ற பிறகு டாக்டர் மகாதீர் கல்வியமைச்சைத் தாமே எடுத்துக்கொள்வதாக அறிவித்தார். உடனே அந்த வாக்குறுதியை எல்லாரும் நினைவூட்ட, விட்டுக்கொடுத்தார். லிம் குவான் எங் நிதியமைச்சரானார். 2020-இல் வந்த அரசாங்கத்திலும் தெங்கு ஸஃப்ருல் என்று தனி ஆள் இருந்தார். 2022 டிசம்பரில் பழைய வழிக்கே திரும்பிவிட்டோம். ஓராண்டு கழித்து, ஊழியர் சேமநிதி வாரியத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த அமிர் ஹம்சா அசிசான் இரண்டாவது நிதியமைச்சராக வந்தார். அவர் திறமைசாலி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முதலாவது நிதியமைச்சரிடம் 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டிய நாள் வந்தால், அந்த முதலாமவர்தான் அவரை அமைச்சராக்கிய பிரதமர்.

இதை ஒரு நாள் இரவு வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுநர். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், "ஏம்மா, பெரியவர் கையிலேயே காசு இருந்தா நல்லதுதானே? நம்ம ஆளுங்க நேரா போய்க் கேட்டா உடனே கிடைக்கும்லா. நடுவுல இன்னொருத்தர் எதுக்கு?"

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நம் சமுதாயத்தில் பெரும்பாலோர் நினைப்பதை அப்பா ஒரே வரியில் சொல்லிவிட்டார். நமக்கு வாக்கு பலம் குறைவு, அமைச்சரவையில் இடம் குறைவு. நமக்குத் தெரிந்த ஒரே வழி பெரியவரை நேரில் பார்ப்பது. கோயில் விழாவுக்கோ பள்ளித் திறப்புவிழாவுக்கோ பெரியவர் வருவார். மாலை போடுவோம், மனு கொடுப்போம், அவர் மேடையிலேயே ஒரு தொகையை அறிவிப்பார், கைதட்டல் வானைப் பிளக்கும். பிரதமரும் நிதியமைச்சரும் ஒருவராகவே இருந்தால் இந்த வழி இன்னும் சுருக்கமாகிறது.

ஆனால் மேடையில் கிடைப்பது உரிமை அல்லவே. அது ஒருவருடைய மனம். அடுத்த ஆண்டு அவர் மனம் மாறலாம், ஆளே மாறலாம். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. புதிய கட்டடத்துக்குப் பணம் என்று அறிவிப்பு வந்தது, பலகை நட்டார்கள், படம் எடுத்தார்கள். பிள்ளைகள் இன்னும் பழைய கட்டடத்தில்தான் படிக்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கியும், பணம் எந்த மேசையில் நிற்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அறிவித்தவரைப் போய்ப் பார்க்கலாம் என்றால் அவர் இப்போது அந்தப் பதவியில் இல்லை. பட்டியலில் ஏறி, நாடாளுமன்றத்தில் ஒப்புதல் பெற்று, கணக்காய்வுக்கு உட்பட்டு வரும் பணத்தை இப்படித் தொலைப்பது கடினம். எண்ணிக்கையில் குறைந்த சமுதாயத்துக்குத்தான் விதிகள் அதிகம் தேவை. பெரும்பான்மையினர் விதி இல்லாமலும் சமாளித்துவிடுவார்கள். அப்பா இதற்கு ஒன்றும் சொல்லவில்லை, "சரி, கருவாட்டை எடு" என்றார்.

மறுபக்கத்துக்கும் நியாயம் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் லாரன்ஸ் வோங் 2024-இல் பிரதமரான பிறகும் நிதியமைச்சராகத் தொடர்ந்தார். அங்கே யாரும் கலங்கவில்லை. கலங்காததற்குக் காரணம் உண்டு. முந்தைய அரசாங்கங்கள் சேர்த்த சேமிப்பைத் தொட வேண்டுமானால் அங்கே மக்கள் தேர்ந்தெடுத்த அதிபரின் சம்மதம் வேண்டும். 1991 முதல் அந்த ஏற்பாடு இருக்கிறது. இரண்டாவது சாவி வேறொருவர் கையில்.

இன்னொரு வாதமும் உண்டு. கசப்பான முடிவை எடுக்கப் பிரதமரின் பலம் வேண்டும் என்பார்கள். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக உயர்ந்தது. 2025 செப்டம்பர் இறுதியில் ரோன்95 பெட்ரோல் மானியமும் குடிமக்களுக்கு மட்டும் என்று மாறியது. எத்தனையோ அரசாங்கங்கள் பேசிப் பேசியே விட்டதை இவர் செய்துகாட்டினார். தனி நிதியமைச்சர் ஒருவர் சொல்லியிருந்தால் பிரதமர் அவரைக் கைவிட்டிருக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தனியாக ஒரு நிதியமைச்சர் இருந்தாலும் பிரதமர் அவருக்குத் துணை நின்று இதே முடிவை எடுத்திருக்கலாமே. அதற்கு இரண்டு நாற்காலியிலும் தாமே உட்கார வேண்டியதில்லை.

சட்டங்கள் கொஞ்சம் முன்னேறியிருக்கின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. 2023-இல் நிறைவேறிய பொதுநிதிப் பொறுப்புச் சட்டம் அரசாங்கத்துக்குச் சில வரம்புகளை வைத்தது. பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்குள் வர வேண்டும், கடன் 60 விழுக்காட்டுக்குள், அரசாங்க உத்தரவாதங்கள் 25 விழுக்காட்டுக்குள். எஸ்ஆர்சி போன்ற காகிதங்களுக்கு இனி ஒரு மேல்வரம்பு உண்டு. 2024-இல் கணக்காய்வுச் சட்டத்தையும் திருத்தினார்கள். அரசாங்க உத்தரவாதம் பெற்ற நிறுவனங்களின் கணக்கையும் தலைமைக் கணக்காய்வாளர் இப்போது திறந்து பார்க்கலாம். நல்ல சட்டங்கள்தான். ஆனால் தலைமைக் கணக்காய்வாளரின் நியமனத்துக்கு ஆலோசனை சொல்வது பிரதமர். நிதிக் கொள்கைக் குழுவுக்குத் தலைவரும் பிரதமர். 2015-இல் 1எம்டிபியை விசாரித்துக்கொண்டிருந்த நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவுக்கு என்ன ஆனது? அமைச்சரவை மாற்றத்தில் அதன் தலைவருக்கும் மூன்று உறுப்பினர்களுக்கும் அரசாங்கப் பதவி கிடைத்தது, விசாரணை சில மாதங்கள் அப்படியே நின்றது. காவலுக்கு நிற்பவர்களுக்கே வேறு வேலை கொடுத்து அனுப்பிவிட முடியும் என்றால், வீட்டுக்கு எத்தனை பூட்டு போட்டு என்ன பயன்?

என்னைக் கேட்டால் இதை வாக்குறுதியாக விடக் கூடாது. வாக்குறுதி ஒரு தேர்தலுக்குத்தான் தாங்குகிறது, அதை 2022-இல் பார்த்துவிட்டோம். பிரதமர் நிதியமைச்சராக இருக்கக் கூடாது என்று அமைச்சரவை நியமனம் பற்றிய 43-ஆவது பிரிவில் ஒரு வரி சேர்த்தால் போதும். அதற்கு மக்களவையில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 222-இல் 148 வாக்குகள் வேண்டும். கடினம்தான். ஆனால் இரு தரப்பும் சேர்ந்து ஆதரிக்கக் காரணம் இருக்கிறது. இன்று எதிர்க்கட்சியில் இருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை, நாளை எதிர்க்கட்சி ஆகப் போகிறவர்களுக்கும் பிடிக்காது.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பட்ஜெட் உரைக்குப் பிறகு மக்களவையில் ஒவ்வோர் அமைச்சின் செலவையும் தனித்தனியாக எடுத்துப் பேசும் குழுநிலை விவாதம் நடக்கும். நிதி அமைச்சின் முறை வரும் நாளில் பதில் சொல்ல எழுந்து நிற்பவர் பிரதமரா, இரண்டாவது நிதியமைச்சரா, துணையமைச்சரா என்று பாருங்கள். நம் தொகுதி உறுப்பினர் அங்கே என்ன கேட்டார், ஏதாவது கேட்டாரா என்றும் பாருங்கள். அத்தனையும் ஹன்சார்டில் பதிவாகிறது. நாடாளுமன்ற இணையத்தளத்தில் யாரும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம். மலாய் மொழியில்தான் இருக்கும், அது நமக்கு ஒன்றும் புதிதல்லவே.